ஒரு திண்டின் மகிமை

பரீக்ஷையில் தவறிய பிள்ளையைப் பார்த்து, "ஏனடா ஒழுங்காகப் படிக்கவில்லை?" என்று கேட்காத தகப்பனார் இல்லை. "கரும்பலகை உன் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறதா?" என்று கேட்பவர்களோ மிகச் சிலர். அந்த இரண்டாவது கேள்வியின் அருமையை விளக்கும் ஒரு வரலாறு உண்டு. நேயர்கள் சற்றுக் கேட்கவேண்டும்.

1955-ஆம் ஆண்டில் ருஷ்ய தேசத்தின் ஒரென்பர்க் நகரத்து விமானப் படைப் பள்ளியில் ஒரு வாலிபன் சேர்ந்தான். தச்சுவேலை செய்பவரின் மகன். ஐந்தடி இரண்டங்குல உயரந்தான். அதற்கு முன்பே சராதோவ் நகரில் சிறு விமானம் ஓட்டப் பழகியவன். ஆயினும் புதிய பள்ளியில், இருவர் அமரும் பயிற்சி விமானத்தைத் தரையில் இறக்குவது மட்டும் அவனுக்குக் கைவரவில்லை. இரண்டு முறை தடுமாறினான். பள்ளியை விட்டே விலக்கிவிடக்கூடும் என்ற நிலைமை ஏற்பட்டது.

இதில் என்ன பிரமாதம் என்று எண்ணவேண்டாம். தரை நெருங்கும் சமயத்தில் விமானத்தின் மூக்கைச் சற்றே உயர்த்தி, வேகம் தணிந்து, சக்கரங்கள் பூமியில் மெல்லப் படியுமாறு செய்யவேண்டும். முந்தி உயர்த்தினால் விமானம் அந்தரத்தில் வேகமிழந்து தொப்பென்று விழும். பிந்தினாலோ, தரையில் மோதிப் பந்துபோல் எழும்பும். திகைத்த மாணாக்கன் மூக்கைக் கீழே அமுக்குவான். முன்சக்கரம் முறிந்து போகும். உபாத்தியாயர் உடனிருந்தால் தடுப்பார். தன்னந்தனியாகப் பறக்கப் போனவனுக்குத் துணை யார்? ஆகையால், இறக்கத் தெரியாதவனைத் தனியே அனுப்புவது அவனை ஆபத்தில் தள்ளுவதேயாகும். அதிகாரிகளின் கண்டிப்பில் குற்றமில்லை.

ஆனால் உயரத்தை மதிப்பிடும் அளவுகோல் விமானியின் கண் அல்லவா? குள்ளமான அவனுக்கு ஆசனத்திலிருந்து தரை சரிவரத் தெரியவில்லை! படைத் தலைவர் இன்னொரு சந்தர்ப்பம் அளித்தார். ஆசிரியர் ஆசனத்தில் ஒரு திண்டைப் போட்டு உட்காரச் சொன்னார். விமானம் செம்மையாக இறங்கிற்று. தனியே பறக்கும் தகுதியும் கிட்டியது. 1957-இல் அவன் விமானப் படை அதிகாரியானான்.

அந்த வாலிபர்தான் யூரி ககாரின். 1961 ஏப்ரல் 12-ஆம் தேதி, 108 நிமிஷப் பிரயாணத்தில் பூமியை வலம் வந்து, விண்வெளி சென்ற முதல் மனிதர் என்ற புகழை அடைந்தவர். இடம் குறுகிய அந்த விண்கலத்துக்கு நெட்டையர்கள் உதவமாட்டார்கள். உயரம் மிகுந்தவர்களைத் தேர்வுக்கே எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளியில் குறையாயிருந்த குள்ளம் அங்கே யோக்கியதையாகிவிட்டது! இன்னொரு வேடிக்கை: விண்கலத்தைத் தரையில் இறக்கும் பொறுப்பும் அவருக்கு இருக்கவில்லை. சுமார் ஏழு கிலோமீட்டர் உயரத்தில் அதிலிருந்து வெளிப்பட்டு, பாராசூட்டின் உதவியால் இறங்கினார். இறங்கிய இடமோ, அவர் முதன்முதல் பறக்கக் கற்ற சராதோவ் பிரதேசத்தில்!

திண்டு போட்டவர்களெல்லாம் ககாரின் ஆகிவிடமாட்டார்கள் என்பது வாஸ்தவந்தான். தகுதியற்றவனைத் தேற்றிவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அந்த ஆசிரியரும் பரீக்ஷையை எளிதாக்கவில்லை, ஆசனத்தைத்தான் உயர்த்தினார். "இவனுக்கு வராது" என்று தீர்ப்புச் சொல்லுமுன், பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அவனுக்கு என்ன தெரிகிறது என்று நாமும் ஒருமுறை குனிந்து பார்த்தால் என்ன?