அன்பு மட்டும் போதாது அம்மா, ஒரு நோட்டும் வேண்டும்!

தூக்கத்துக்கு மருந்து கேட்டு ஒரு அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். உடம்பில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "மனசுல என்னம்மா பாரம்?" என்று கேட்டேன். அவ்வளவுதான், கண் கலங்கிவிட்டது.

ஏழெட்டு வருஷமாக வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் விட்டுவிட்டு, சாயங்காலம் அழைத்துப் போவார்கள். ஐந்து குழந்தைகள். ஒரு நாள் மத்தியானம், தரையில் இறக்கி வைத்த ரசப் பாத்திரத்துக்குள் இரண்டு வயதுக் குழந்தை கையை விட்டுவிட்டது. இவர் பதறிப்போய் டூத்பேஸ்டை எடுத்து அப்பியிருக்கிறார். தாய்க்குப் போன் செய்யவே அரை மணி நேரம் ஆகிவிட்டது. அப்புறம் ஆஸ்பத்திரி, கட்டு, தழும்பு. "அக்கா, அக்கா" என்று உயிராகப் பழகிய அந்தப் பெண், பதினைந்தாம் நாள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார்.

"என் பேத்தி மாதிரிதானே ஐயா பார்த்தேன்? எனக்குப் போய் நோட்டீஸா?" என்று அழுதார். கடைசியில் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துச் சமாதானம் செய்துகொண்டார்கள். பணம் போனது கூடப் பெரிதில்லை. தெருவில் தலைநிமிர்ந்து நடந்தவர், இன்று கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மருந்து எழுத வேண்டிய ஆள் சட்டமும் இன்ஷூரன்ஸும் பேசுகிறாரே என்று நினைக்கிறீர்களா? அந்த அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான். அதற்கு என்னிடம் சூரணம் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

காசு வாங்கினால் அது தொழில்

பக்கத்து வீட்டுக் குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்வது உபகாரம். மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு பார்த்தால் அது சேவைத் தொழில். உங்கள் மனசில் அது பாசமாகவே இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் நீங்கள் சேவை தருபவர், பெற்றோர் நுகர்வோர். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவையில் குறை என்று அவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு இரண்டு வருஷம் அவகாசம் உண்டு.

அஜாக்கிரதையால் குழந்தைக்குக் காயம் ஏற்பட்டால் போலீஸ் வழக்கும் வரலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவு இதற்கானது. பலத்த காயம் என்றால் மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டமும் இருக்கிறது. குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அடித்தாலோ, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலோ, 75-ஆம் பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதையே ஒரு காப்பு நிறுவனத்தை நடத்துபவரோ அங்கே வேலை செய்பவரோ செய்தால் ஐந்து வருஷம், ஐந்து லட்சம் வரை போகும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தெரியாமல் மாட்டிக்கொள்வதைவிடத் தெரிந்து ஜாக்கிரதையாக இருப்பது நல்லதில்லையா?

இன்னொன்று. வாடகை வீடாக இருந்தால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். "வசிப்பதற்கு மட்டும்" என்று இருந்தால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அடுக்குமாடி என்றால் சங்கத்திடமும் சொல்லிவிடுங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதோடு நில்லாமல், பாடம், பாட்டு, யூனிஃபார்ம் என்று போனால் அது விளையாட்டுப் பள்ளி ஆகிவிடும். அதற்குத் தமிழ்நாட்டில் 2015-ல் விதிமுறைகள் வந்திருக்கின்றன. போர்டு மாட்டுவதற்கு முன்னால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

"பொறுப்பல்ல" என்ற சீட்டு

அந்த அம்மாவிடமும் ஒரு சீட்டு இருந்தது. "எந்த அசம்பாவிதத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்று ஜெராக்ஸ் கடையில் அடித்து, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். அது கவசம் என்று நம்பியிருந்தார். கவனக்குறைவு என்று நிரூபணமானால் அப்படிப்பட்ட சீட்டு காப்பாற்றாது. குற்ற வழக்கை அதனால் தடுக்கவே முடியாது.

பின்னே எந்தக் காகிதம் பயன்படும்? என்ன செய்வோம், என்ன செய்யமாட்டோம் என்று தெளிவாகச் சொல்லும் காகிதம்தான். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, குழந்தையை யாரிடம் மட்டும் ஒப்படைக்கலாம், என்ன சாப்பாடு, எது ஒத்துக்கொள்ளாது, வலிப்பு வீசிங் உண்டா, அவசரமென்றால் எந்த ஆஸ்பத்திரி, பெற்றோர் வந்து சேரும்வரை முதலுதவிக்கும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவதற்கும் சம்மதமா? இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். இரண்டு பிரதி எடுத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பாலிசி எதற்கு?

"வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கே ஐயா!" என்றார் அந்த அம்மா. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

வீட்டுப் பாலிசி என்பது தீ, வெள்ளம், புயல் போன்றவற்றால் கட்டடத்துக்கும் சாமான்களுக்கும் வரும் நஷ்டத்துக்காக. 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசியும் அதற்குத்தான். அடுத்தவர் குழந்தைக்குக் காயம் பட்டால் அது உதவாது. வீட்டில் தொழில் நடப்பதைக் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டால், வீட்டு நஷ்டத்தைக் கேட்கும்போதும் தகராறு வரலாம்.

எல்.ஐ.சி. பாலிசி உங்கள் உயிருக்கு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உங்களுக்கு வேண்டியது இரண்டு. முதலாவது பொதுப் பொறுப்புக் காப்பீடு. ஏஜெண்டிடம் 'பப்ளிக் லயபிலிட்டி பாலிசி' என்று கேளுங்கள். உங்கள் கவனக்குறைவால் மற்றவருக்கு நேர்ந்ததற்கு நீங்கள் சட்டப்படி கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டையும், வழக்குச் செலவையும், பாலிசித் தொகை வரை இது ஏற்கும். 1991-ல் இதே பெயரில் ஒரு சட்டம் வந்தது. அது அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் தொழிற்சாலைகளுக்கானது. ஏஜெண்ட் குழப்பினால் நீங்கள் குழம்ப வேண்டாம்.

இரண்டாவது, குழந்தைகளுக்கான விபத்துக் காப்பீடு. இதில் யார் தப்பு என்ற கேள்வியே இல்லை. விபத்தால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால் பணம் கிடைக்கும். மருத்துவச் செலவையும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேட்டு எடுங்கள். சின்னச் சின்ன விபத்துகளில் சண்டை மூளுவதே ஆஸ்பத்திரி பில்லால்தான். பில் கட்ட வழியிருந்தால் பாதிக் கோபம் ஆறிவிடும்.

பாலிசி எடுக்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். எட்டுக் குழந்தைகளை வைத்துக்கொண்டு நாலு என்று எழுதினால், கட்டிய பணம் தண்ணீரில் போட்ட மாதிரிதான். ஏதாவது நடந்தால் உடனே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கம்பெனியைக் கேட்காமல் "இவ்வளவு தருகிறேன்" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். இப்படிப்பட்ட பாலிசிகளில் அது வழக்கமான நிபந்தனை. ஒன்றை மறக்க வேண்டாம்: பணத்தைத்தான் கம்பெனி கட்டும். ஜெயில் என்றால் நீங்கள்தான் போகவேண்டும்.

என் மருந்தையும் கொடுக்காதீர்கள்

இனி நான் உரிமையோடு பேசக்கூடிய இடம். குழந்தை வீறிட்டு அழுதால் உரை மருந்து உரைத்து நாக்கில் தடவுவது நம் வீடுகளில் வழக்கம். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர். பாலவாகடம் படித்தவன் நான். அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். அடுத்தவர் குழந்தைக்கு, பெற்றோர் எழுதித் தராமல், உரை மருந்தும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம், கடையில் வாங்கிய சிரப்பும் வேண்டாம். அளவு பிசகினால் எந்த மருந்தும் மருந்தாக இருக்காது.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் அறவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி அந்தப் பிஞ்சுக் குடலில் பெருகி, நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்க வைக்கும். 'தேனில் குழைத்து' என்று எழுதிப் பழகிய வைத்தியன் நானே இதைச் சொல்கிறேன்.

தூங்க வைக்க மருந்து கொடுப்பது மகா பாவம். அந்தக் காலத்தில் பம்பாய் மில் தொழிலாளர் குடியிருப்புகளில் குழந்தைக்கு அபின் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். இன்று அபின் இல்லாவிட்டாலும், தூக்கம் வரும் என்று சளி சிரப்பை ஊற்றுகிறவர்கள் உண்டு. டாக்டர் சொல்லாமல் குழந்தைக்குப் போதை வஸ்துவோ மனதை மயக்கும் மருந்தோ கொடுத்தால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் ஏழு வருஷம் வரை கடுங்காவல். சிரப் அந்தக் கணக்கில் வராவிட்டாலும், குழந்தைக்கு மூச்சுத் திணறல் வந்தால் யார் பதில் சொல்வது?

சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் மெதுவாக ஓட விடுங்கள். டூத்பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். எங்கள் தைலம் கூட அப்போது வேண்டாம். 108-க்குக் கூப்பிடுங்கள். உதவிக்கு ஆள் இருந்தால், நீங்கள் தண்ணீர் விடும்போதே அவர் பெற்றோருக்குப் போன் செய்யட்டும்.

இரண்டு ரூல் போட்ட நோட்டு

தினமும் எழுதுங்கள். யார் எத்தனை மணிக்கு வந்தது, என்ன சாப்பிட்டது, எவ்வளவு நேரம் தூங்கியது, எங்கே இடித்துக்கொண்டது, யார் அழைத்துப் போனார். காலையிலேயே உடம்பு சுட்டதா, கையில் காயம் இருந்ததா என்று பார்த்து, பெற்றோர் முன்னாலேயே குறித்துவிடுங்கள். பிற்பாடு "உங்க வீட்டுலதான் ஆச்சு" என்ற பேச்சுக்கு இடமிருக்காது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினாலும் அது சாட்சிதான்.

குழந்தையிடம் யாராவது தகாத முறையில் நடந்திருப்பார்கள் என்று சந்தேகம் வந்தால் மூடி மறைக்காதீர்கள். 2012-ஆம் வருஷத்துப் போக்ஸோ சட்டப்படி போலீஸில் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். வழி தெரியவில்லையென்றால் 1098-ஐக் கூப்பிடுங்கள்.

எத்தனை குழந்தைகள் என்பதும் முக்கியம். ஆபீஸ்களில் நடத்தும் குழந்தைகள் காப்பகங்களுக்காக மத்திய அரசு 2018-ல் தந்த வழிகாட்டுதல், மூன்று வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற ஊழியர், கூட ஒரு உதவியாளர் என்கிறது. சமையலையும் காலிங் பெல்லையும் ஒருவரே பார்க்கும் வீட்டுக்கு அது ஒத்துவராது. தனி ஆளாக இருந்தால் நாலு குழந்தைக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வருமானம் குறையும்தான். தூக்கம் மிஞ்சும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை

குழந்தையை விடும் தாய்மார்களே, ஆயிரம் ரூபாய் குறைவாகக் கேட்கிறார் என்பதற்காக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், மாடிக்கும் பால்கனிக்கும் தடுப்பு இருக்கிறதா, சமையலறைக்குக் கதவு உண்டா என்று பாருங்கள். பாலிசி இருக்கிறதா என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். பிரீமியத்தில் ஒரு பங்கை எல்லாப் பெற்றோரும் சேர்ந்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? குழந்தையின் வியாதியை மறைத்து, ஜுரத்தோடு விட்டுவிட்டு ஓடுவதும் தப்புத்தான்.

"கையெழுத்து, பாலிசின்னு பேசினா உறவு கெட்டுப் போயிடுமே ஐயா" என்று அந்த அம்மாவும் சொன்னார். காகிதம் இல்லாததால்தானே அவருடைய உறவு கெட்டது! கூடப்பிறந்தவர்களே சொத்தை எழுதி வைத்துக்கொள்கிறோம். அதைவிடப் பெரிய சொத்தை அல்லவா காலையில் உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்?

அந்த அம்மாவுக்கு மருந்தாக அமுக்கரா சூரணம் எழுதிக்கொடுத்தேன். கூடவே ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன். மறுபடி வந்தபோது நோட்டைக் காட்டினார். இப்போது மூன்று குழந்தைகள்தான். பாலிசிக்கு மனுப் போட்டிருக்கிறாராம். "ராத்திரி தூக்கம் வருது ஐயா" என்றார். சூரணத்தாலா, நோட்டாலா என்று நான் கேட்கவில்லை.