ஓஎல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி... புது டிவி வாங்கும் முன் யாரைக் கேட்க வேண்டும்?

வேலைக்குப் போய் ஓரிரு ஆண்டு ஆனதும், பலர் வீட்டுக்கு வாங்கித் தரும் முதல் பெரிய பொருள் டிவிதான். மகனோ மகளோ சென்னையிலோ பெங்களூருவிலோ வேலையில் இருப்பார்கள். டிவி போய் இறங்குவது திண்டுக்கல்லிலோ தென்காசியிலோ உள்ள வீட்டு ஹாலில். இஎம்ஐ கட்டுபவர் ஒருவர், ரிமோட்டை வைத்திருப்பவர் வேறொருவர்.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. ஷோரூமுக்குள் நுழைந்தால் எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி என்று பெயர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. "பட்ஜெட் இருந்தா கண்ணை மூடிட்டு ஓஎல்இடி எடுத்துடுங்க சார்" என்பார் கடைக்காரர். யூடியூப் ரிவ்யூக்களிலும் பெரும்பாலும் இதே பதில்தான். படத்தின் தரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அதில் பெரிய தவறும் இல்லை.

ஆனால், நாள் முழுக்க நியூஸும் சீரியலும் ஓடும், ஜன்னல் திறந்திருக்கும், ட்யூப் லைட் எரியும் ஒரு ஹாலுக்கு அது சரியான பதில் இல்லை. தமிழ்நாட்டில் பல ஹால்கள் அப்படித்தான் இருக்கின்றன. ஏன் என்று பார்ப்போம்.

நான்கு பெயர், இரண்டு வகை

பெயர்கள் எத்தனை இருந்தாலும், கடையில் இருக்கும் டிவிகளை இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். பின்னால் இருந்து வெளிச்சம் கொடுத்தால்தான் படம் தெரியும் திரை ஒன்று. தானே ஒளிரும் திரை இன்னொன்று.

எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி மூன்றும் முதல் வகை. மூன்றுமே அடிப்படையில் எல்சிடி டிவிகள். திரையில் இருக்கும் திரவப் படிகத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் எரியும் விளக்கை எவ்வளவு விட வேண்டும், எவ்வளவு மறைக்க வேண்டும் என்பதை மட்டும்தான் அது பார்த்துக்கொள்கிறது. முன்பு அந்த விளக்கு மெல்லிய ட்யூப் லைட் போன்ற ஒன்றாக இருந்தது. பிறகு அந்த இடத்துக்கு எல்இடி பல்புகள் வந்தன. பெயரும் 'எல்இடி டிவி' என்று மாறியது. திரை மாறவில்லை, விளக்குதான் மாறியது.

க்யூஎல்இடியில் கூடுதலாக 'குவாண்டம் டாட்' என்ற நுண்துகள்கள் கொண்ட ஒரு படலம் இருக்கிறது. பின்னால் எரியும் நீல விளக்கின் ஒளியில் ஒரு பகுதியை இந்தத் துகள்கள் தூய்மையான சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுகின்றன. அதனால் வண்ணங்கள் பளிச்சென்று தெரியும். குவாண்டம் டாட்டைக் கண்டறிந்து உருவாக்கிய மௌங்கி பவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்சி எகிமோவ் ஆகிய மூவருக்கும் 2023-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அறிவியல் பெரியதுதான். ஆனால் க்யூஎல்இடி என்ற பெயர் விற்பனைக்கு வைத்தது. ஓஎல்இடியோடு பெயரில் ஒட்டினாலும் தொழில்நுட்பத்தில் இரண்டுக்கும் தொடர்பில்லை.

மினி எல்இடியில் பின்னால் இருக்கும் விளக்குகள் மிகச் சிறியவை, எண்ணிக்கையில் மிக அதிகம். அவற்றைப் பல மண்டலங்களாகப் பிரித்து, படத்தில் இருட்டு இருக்கும் இடத்தில் மட்டும் விளக்கைக் குறைக்க முடியும். இதற்கு 'லோக்கல் டிம்மிங்' என்று பெயர். இருந்தாலும் ஒரு மண்டலத்துக்குள் பல ஆயிரம் பிக்சல்கள் அடங்கும். அதனால் கறுப்புத் திரையில் வெள்ளை சப்டைட்டில் வந்தால், எழுத்தைச் சுற்றி லேசாக ஒரு ஒளிவட்டம் தெரியலாம்.

ஓஎல்இடிதான் இரண்டாவது வகை. கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987-ல் வெளியிட்ட ஆய்வில் இருந்து வளர்ந்த தொழில்நுட்பம் இது. 4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். ஓஎல்இடியில் ஒவ்வொன்றும் தனித்தனியாக எரியும், தனித்தனியாக அணையும். கறுப்பு வேண்டும் என்றால் பிக்சலே அணைந்துவிடும். இருட்டறையில் படம் பார்ப்பவர்கள் ஓஎல்இடியைக் கொண்டாடுவதற்கு இதுதான் காரணம். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மங்காது.

இவ்வளவு நல்ல டிவியை ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?

நியூஸ் சேனலும் அழியாத லோகோவும்

ஓஎல்இடி பிக்சல்களில் ஒளி தருவது கரிமப் பொருள். எரிய எரிய அதற்கு வயதாகும். எல்லா பிக்சலுக்கும் ஒரே வேகத்தில் வயதானால் கண்ணுக்குத் தெரியாது. ஒரே இடத்தில் ஒரே உருவம் மணிக்கணக்கில் எரிந்தால், அந்த இடம் மட்டும் வேகமாகத் தேய்ந்து நிழல் போலத் தங்கிவிடும். இதைத்தான் 'பர்ன்-இன்' என்கிறார்கள்.

இப்போது ஒரு தமிழ் நியூஸ் சேனலின் திரையை நினைத்துப் பாருங்கள். மூலையில் லோகோ. கீழே சிவப்புப் பட்டை, அதற்கும் கீழே ஓடும் செய்தி வரி. இன்னொரு ஓரத்தில் நேரம். தேர்தல் முடிவு நாளில் பாதித் திரை எண்களும் கட்டங்களும்தான். காலை காபியில் இருந்து இரவுச் சாப்பாடு வரை இதே சேனலை ஓடவிடும் அப்பாக்கள் எத்தனை பேர்?

டிவிகளைச் சோதித்து மதிப்பிடும் ஆர்டிங்ஸ் என்ற கனடா நிறுவனம் 2018-ல் ஆறு ஓஎல்இடி டிவிகளை வைத்து ஒரு சோதனை தொடங்கியது. நாளுக்கு 20 மணி நேரம் அவை ஓடின. மற்ற நிகழ்ச்சிகள் ஓடிய டிவிகளைவிட, சிஎன்என் நியூஸ் சேனல் ஓடிய டிவிகளில்தான் நிழல் சீக்கிரம் தெரிய ஆரம்பித்தது. அது பழைய மாடல், சோதனையும் கடுமையானது. இப்போதைய ஓஎல்இடிகளில் லோகோவைத் தானாக மங்கவைக்கும் வசதி, படத்தை ஓரிரு பிக்சல் நகர்த்திக்கொண்டே இருக்கும் வசதி எல்லாம் வந்துவிட்டன. ஆபத்து குறைந்திருக்கிறது. ஆனால், எந்த மாதிரி பார்வையாளருக்கு ஆபத்து அதிகம் என்பது மாறவில்லை.

இன்னொரு விஷயத்தை ரிவ்யூக்களில் அதிகம் பார்க்க முடியாது. ரிமோட்டில் அணைத்த பிறகும், ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் ஓஎல்இடி டிவி தன் பிக்சல்களைச் சரிசெய்துகொள்ளும் வேலையைச் செய்கிறது. அதற்கு கரன்ட் இருக்க வேண்டும். நம் வீடுகளிலோ படுக்கப் போகும் முன் பிளக் பாயின்ட்டில் சுவிட்சை அணைக்காமல் தூக்கம் வராது. "ராத்திரி முழுக்க சிவப்பு லைட் எரிஞ்சா கரன்ட் பில்லு யாரு கட்டுறது?" என்பது அம்மாவின் கேள்வி. அந்தப் பழக்கத்தில் தப்பில்லை. அந்த டிவிதான் அந்த வீட்டுக்குப் பொருந்தவில்லை.

பகல் வெளிச்சமும் சேர்ந்துகொள்கிறது. ஜன்னலுக்கு எதிரே மாட்டிய டிவியில் ஆழ்ந்த கறுப்பு இருந்தும் பயனில்லை, எதிரே இருப்பவரின் முகம்தான் தெரியும். திரை முழுக்க வெளிச்சம் தர வேண்டிய இடத்தில் நல்ல மினி எல்இடி, அதே விலையில் வரும் ஓஎல்இடியை முந்திவிடுகிறது.

'பழைய டிவியே நல்லா இருந்துச்சே'

புது 55 இன்ச் 4கே டிவி வந்த முதல் வாரத்தில் பல வீடுகளில் கேட்கும் வசனம் இது. மகனுக்குக் கோபம் வரும். ஆனால் அப்பா சொல்வதில் ஒரு கணக்கு இருக்கிறது.

4கே திரையில் இருப்பது சுமார் 83 லட்சம் புள்ளிகள். சாதாரண கேபிள் செட்-டாப் பாக்ஸில் இருந்து வரும் எஸ்டி படத்தில் அதிகபட்சம் 720-க்கு 576, அதாவது சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம் புள்ளிகள். இருபதில் ஒரு பங்கு. மீதி 19 பங்கை டிவியே ஊகித்து நிரப்புகிறது. திரை பெரிதாகப் பெரிதாக அந்த ஊகத்தின் குறைகளும் பெரிதாகத் தெரியும். முகங்கள் மெழுகு பூசியது போல இருக்கும், ஓடும் எழுத்துகளின் ஓரம் கலங்கும்.

2006 தேர்தல் வாக்குறுதிப்படி தமிழக அரசு கொடுத்த இலவச கலர் டிவி 14 இன்ச்தான். அந்தச் சின்னத் திரைக்கு எஸ்டி படம் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பிக்சர் டியூப் என்பதால் தரையில் உட்கார்ந்து பார்த்தாலும் கதவோரம் நின்று பார்த்தாலும் ஒரே நிறம். அதைப் பார்த்துப் பழகிய கண்கள் புது டிவியில் குறை காண்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆகவே, க்யூஎல்இடியில் இருந்து ஓஎல்இடிக்குப் போக யோசிக்கும் பணத்தில் மிகச் சிறிய பகுதியை எச்டி செட்-டாப் பாக்ஸுக்கும் எச்டி சேனல் பேக்குக்கும் ஒதுக்கினால், அப்பா அம்மாவின் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் அதிகம்.

சோபாவும் தரையும் அளவு நாடாவும்

எல்சிடி வகையிலேயே இரண்டு பேனல்கள் உண்டு. விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனலில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும், ஆனால் ஓரத்தில் இருந்து பார்ப்பவருக்கும் படம் தெளிவு. சோபாவில் இருவர், தரையில் இருவர், ஓரத்து நாற்காலியில் பாட்டி என்று உட்காரும் வீட்டில் எது முக்கியம் என்பதை ஷோரூமில் நேருக்கு நேர் நின்று பார்த்து முடிவுசெய்ய முடியாது. இரண்டடி தள்ளி, பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும்.

தூரமும் முக்கியம். 55 இன்ச் டிவியை ஏறக்குறைய 7 அடிக்கு அப்பால் இருந்து பார்த்தால், சாதாரணப் பார்வை உள்ளவருக்கு ஃபுல் எச்டிக்கும் 4கேவுக்கும் இடையிலான புள்ளி வித்தியாசம் பிடிபடாது. 43 இன்ச்சுக்கு இந்தத் தூரம் ஐந்தரை அடி. 4கே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். இன்று இந்த அளவுகளில் பெரும்பாலும் 4கேதான் கிடைக்கிறது. 8கே என்று யாராவது ஆசை காட்டினால் இந்தக் கணக்கை நினைத்துக்கொண்டால் போதும்.

32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பெரிய டிவி பக்கம் மனம் சாய இதுவும் ஒரு காரணம். வரி குறைந்தது நல்லதுதான். ஹாலின் நீளம் அதனால் கூடிவிடவில்லை.

ஷோரூமில் பார்ப்பது வீட்டில் தெரியாது

ஷோரூமில் ஓடும் மயில், எரிமலை, மழைக்காடு வீடியோக்கள் டிவியைக் காட்டுவதற்காகவே எடுக்கப்பட்டவை. டிவியும் பெரும்பாலும் 'விவிட்' அல்லது 'டைனமிக்' மோடில், வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து ஓடிக்கொண்டிருக்கும். இந்த மோடில் தோல் நிறம் ஆரஞ்சாகிவிடும், வெள்ளை நீலமாகிவிடும். பத்து டிவி நடுவில் எது அதிகம் கத்துகிறதோ அதுதான் கண்ணில் படும்.

அதனால் கடையில் தயங்காமல் கேட்க வேண்டியவை:

* ஒரு சாதாரண தமிழ் சேனலையோ, இரவுக் காட்சி உள்ள தமிழ்ப் படத்தையோ போடச் சொல்லுங்கள்.
* 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள்.
* பேனல் உண்மையில் 60 ஹெர்ட்ஸா, 120 ஹெர்ட்ஸா என்று கேளுங்கள். அட்டையில் இருக்கும் 'மோஷன் ரேட்' எண் வேறு.
* மினி எல்இடி என்றால் எத்தனை டிம்மிங் மண்டலங்கள் என்று கேளுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் இந்த எண்ணில்தான் தரம் இருக்கிறது.
* ஓஎல்இடி என்றால் பர்ன்-இன் பற்றி வாரன்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.
* டிவி போய் இறங்கும் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேனல் போனால் மாற்றும் செலவு பல நேரங்களில் புது டிவி விலையை நெருங்கும்.

அப்படியானால் எதை வாங்குவது?

"வாங்குறதே ஒரு தடவை, பெஸ்ட்டாவே வாங்கிடலாமே" என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. அப்பா அம்மாவுக்கு மட்டமானதைக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் பெஸ்ட் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது.

இரவு விளக்கை அணைத்துவிட்டு ஓடிடியில் படம் பார்ப்பவர், கேம் விளையாடுபவர், நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் டிவி போடுபவர் என்றால் ஓஎல்இடிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் தகும். வாடகை பிளாட்டில் தனியாகவோ நண்பர்களோடோ இருக்கும் இளைஞர்கள் பலர் இந்த ரகம்தான். அவர்கள் தங்கள் ரசனைக்கு வாங்கட்டும்.

வெளிச்சமான ஹால், நாள் முழுக்க நியூஸ், சீரியல், கிரிக்கெட், பட்ஜெட்டும் ஓரளவு உண்டு என்றால் மினி எல்இடி. பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் நல்ல கம்பெனியின் சாதாரண எல்இடி அல்லது க்யூஎல்இடியே போதும். மிச்சமாகும் பணத்தில் எச்டி பாக்ஸ் வாங்கலாம். ஒரு சவுண்ட்பாரும் வாங்கினால் இன்னும் நல்லது. இன்றைய மெலிந்த டிவிகளில் ஸ்பீக்கருக்கு இடமே இல்லை. வயதானவர்கள் "என்ன பேசுறாங்கன்னே புரியல" என்று சொல்லும் குறையை எந்தப் பேனலாலும் தீர்க்க முடியாது.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒரு போன் கால். கார்டைத் தேய்ப்பதற்கு முன் ஊருக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேட்கலாம். டிவியை எந்தச் சுவரில் மாட்டுவீர்கள்? எங்கே உட்கார்ந்து பார்ப்பீர்கள்? பகலில் என்ன ஓடும்? "எதுக்குடா இதெல்லாம், உனக்கு எது பிடிக்குதோ வாங்கு" என்றுதான் பதில் வரும். அதை அப்படியே விட்டுவிடாமல் இன்னொரு முறை கேட்பது நல்லது. அடுத்த பல ஆண்டுகளுக்கு அந்தத் திரைக்கு எதிரே உட்காரப்போவது அவர்கள்தான்.