போன் செத்தாலும் பேசும் பெட்டி! மாடி தருமா மாநகராட்சி?

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே சென்னைவாசிக்கு அடிவயிற்றைக் கலக்கும். மழையை நினைத்து மட்டுமல்ல, போனை நினைத்தும்தான்!

2015 டிசம்பர் வெள்ளம், 2016 வர்தா புயல், 2023 மிச்சாங் புயல். மூன்று தடவையும் ஒரே கதை. கரண்ட் போச்சு, பின்னாலேயே பல இடங்களில் செல்போன் டவரும் படுத்துக்கொண்டது. 2015-ல் மீனவர்கள் படகோடு ஊருக்குள் வந்து ஜனங்களை மீட்டார்கள். எந்தப் படகு எந்தத் தெருவில் நிற்கிறது என்று கேட்டால்? போன் கிடைத்தால்தான் பதில்!

இதற்கு வழி இருக்கிறது. அது புது வழியும் அல்ல.

பஸ்ஸில் பாஸ் பண்ணுவது போல...

ஹாம் ரேடியோக்காரர்கள் அதை 'ஏ.பி.ஆர்.எஸ்.' என்பார்கள். அமெரிக்காவில் அன்னாபோலிஸ் கடற்படை அகாடமியில் எஞ்சினீயராக இருந்த பாப் புருனிங்கா உருவாக்கிய முறை. அவர் 2022-ல் காலமானார். வண்டி எங்கே போகிறது என்று பார்க்க மட்டும் இது அல்ல, அவசரச் சேதியைக் கைமாற்றவும்தான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர்.

விஷயம் எளிது. ஜி.பி.எஸ். கருவி இருக்கிற இடத்தைக் கணக்குப் போடும். ஒரு சின்னப் பெட்டி அதைச் சத்தமாக மாற்றி வயர்லெஸ்ஸில் அனுப்பும். சுமார் ஒரு விநாடிக் கீச்சு, அவ்வளவுதான். உயரமான மாடியில் இருக்கும் ரிலே நிலையம் அதைக் கேட்டு மறுபடி ஒலிபரப்பும்.

நெரிசல் பஸ்ஸில் "அண்ணே, சைதாப்பேட்டை ஒண்ணு பாஸ் பண்ணுங்க" என்கிறோமே, அதே வேலை! காசு கைமாறி கண்டக்டரிடம் போகிறது. டிக்கெட் திரும்பி வருகிறது. இங்கேயும் சேதி போய்ச் சேர்ந்தால் 'வந்தது' என்று பதில் வரும்.

எல்லாரும் கை நீட்டினால் குழப்பம் ஆகாதா? ஆகும். அதனால்தான் ஒரு சேதி எத்தனை ரிலே தாண்டலாம் என்று முன்கூட்டியே கட்டுப்பாடு வைக்கிறார்கள்.

செலவு எவ்வளவு?

கோட்டை கட்ட வேண்டியதில்லை. ஒரு வயர்லெஸ் செட், ஒரு ஆன்டெனா, 12 வோல்ட் பேட்டரி, ஒரு சோலார் தகடு. வரைபடம் கம்ப்யூட்டரிலேயே ஏற்றப்பட்டிருந்தால் இன்டர்நெட்டும் வேண்டாம். படகு நிற்கும் தெரு திரையில் தெரியும்.

"போலீசிடம்தான் வயர்லெஸ் இருக்கே?" என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் உதவிக்கு ஓடி வருகிற படகுக்காரரிடமும், சோற்றுப் பொட்டலம் ஏற்றி வரும் வேன்காரரிடமும் அது கிடையாதே! படகுக்கு ஒரு ஹாம் ஏறினால் போதும்; குறை தீர்ந்தது.

ஹாம்கள் சம்பளம் கேட்கிறவர்கள் அல்ல, கேட்கவும் கூடாது. 12 வயதுக்கு மேல் யாரும் மத்திய அரசின் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கலாம். 2004 சுனாமியின்போது அந்தமானில் இருந்த டெல்லி பாரதி பிரசாத் குழு, போன் செத்த நேரத்தில் ஹாம் செட்டில் பேசித்தான் தகவல் அனுப்பியது. அன்றைக்குக் குரல் மட்டுமே உதவியது. இடத்தையும் காட்டினால் உதவி இன்னும் சீக்கிரம் சேரும்.

மாநகராட்சி செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. மண்டலத்துக்கு ஓர் உயரமான கட்டடத்தில் மாடி இடம். மழைக்கு முன்பே ஹாம்களிடம் மாடிச் சாவி. மாதம் ஒரு ஒத்திகை. படகுகளின் பட்டியலையும் கூடவே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

தண்ணீர் இடுப்பளவு வந்த பிறகு மாடிச் சாவி யாரிடம் என்று தேடினால், பெட்டி இருந்தும் என்ன பயன்?