இடம் சும்மா கிடக்கவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, ஐந்து நிமிடம் பொறுமையாகப் படியுங்கள்.

பிரிஸ்பேனில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை டூஹி காட்டில் நடந்தபோது எடுத்த படங்களைப் போட்டிருந்தேன். நாத்தனார் மகன் கேட்கிறான்: "அத்தை, இவ்வளவு செலவு பண்ணி ஆஸ்திரேலியா போய் தைலமரத்தையா பார்க்கிறீங்க? கோல்டு கோஸ்ட் போங்க." அதுகூடப் பரவாயில்லை. என்னிடம் படித்து, இன்று மனை விற்கும் தொழிலில் நன்றாக இருக்கும் ஒரு பிள்ளை எழுதினான்: "டீச்சர், ஊருக்குள்ளயே இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே! பிளாட் போட்டா கோடி கோடியா வருமே." அதற்குப் பல பேர் சிரிப்பு வேறு போட்டிருக்கிறீர்கள்.

தம்பி, உன் மேல் கோபம் இல்லை. "சும்மா கிடக்குது" என்ற அந்தச் சொல் மேல்தான் கோபம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் தைலமரம். நம் ஊரில் அது வரிசையாக நட்டு, சில ஆண்டுகளில் வெட்டி ஆலைக்கு அனுப்பும் மரம். 1843ஆம் ஆண்டு நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட விருந்தாளி. இங்கே அது சொந்த வீட்டில் நிற்கிறது. நகரின் மையத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தூரத்தில், நெடுஞ்சாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே இருக்கிறது டூஹி காடு. நுழைவுச் சீட்டு கிடையாது. அங்கே ஒருவகைத் தைலமரத்தின் வெள்ளைப் பட்டை முழுக்க ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் கிறுக்கியது போலக் கோடுகள். ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு பட்டைக்கு அடியில் தின்றுகொண்டே போன பாதை அது. பழைய பட்டை உதிர்ந்ததும் கிறுக்கல் வெளியே தெரிகிறது. சும்மா கிடக்கிற இடத்தில் யார் எழுதுவார்கள்?

அதே மரங்களில் பொந்துகள். கிளி, குக்கபரா, தோலை விரித்து மரத்துக்கு மரம் தாவும் சின்னஞ்சிறு விலங்குகள் எல்லாம் அதில்தான் குடியிருக்கின்றன. தைலமரத்தில் அப்படி ஒரு பொந்து உண்டாகப் பெரும்பாலும் நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். "ஒரு மரம் வெட்டினால் பத்துக் கன்று நடுகிறோம்" என்று நாம் சமாதானம் சொல்கிறோமே, பத்துக் கன்றிலும் ஒரு பொந்துகூட இருக்காது. பாட்டியை அனுப்பிவிட்டு, பதிலுக்குப் பத்துப் பச்சைக் குழந்தை தருகிறேன் என்றால் கணக்கு சரியாகிவிடுமா?

"வெள்ளைக்காரன் ஊர், இடம் நிறைய இருக்கு, விட்டு வைக்கிறான்" என்று நினைக்காதீர்கள். தானாக எதுவும் மிஞ்சவில்லை. ஆற்றோரம் இருக்கும் சவுத் பேங்க் பூங்கா 1988இல் உலகக் கண்காட்சி நடந்த இடம். கண்காட்சி முடிந்ததும் வணிகக் கட்டடங்கள் கட்டத்தான் திட்டம் போட்டார்கள். மக்கள் பூங்கா வேண்டும் என்று விடாமல் கேட்டார்கள். 1992இல் பூங்கா திறந்தது. ரோமா தெருப் பூங்கா பழைய ரயில் யார்டு. இன்னொன்றும் கேளுங்கள். 1990 முதல் இந்த நகராட்சி, வீட்டு வரியோடு சேர்த்து ஒரு தனி வரி வாங்கி, அந்தப் பணத்தில் தனியாரிடம் இருந்த புதர்க்காடுகளை விலைக்கு வாங்கிக் காத்து வருகிறது. அவர்கள் வரி கட்டிப் புதரை வாங்குகிறார்கள். நாமோ ஊர்ப் பொதுவுக்கென்று முன்னோர் வரி போடாமல் விட்டுவைத்த புறம்போக்கு நிலத்தின் பெயரையே திட்டுகிற வார்த்தை ஆக்கிவிட்டோம்.

இவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்றும் சொல்ல வரவில்லை. இந்த மாநிலத்திலேயே கோலா 2022இல் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்கள் பட்டியலுக்குப் போய்விட்டது. காடு துண்டு துண்டானது அதற்குப் பெரிய காரணம். நகரின் நடுவே விக்டோரியா பூங்கா இருக்கிறது. பூர்வகுடிகள் பாரம்பின் என்று அழைத்து, கூடித் தங்கிய இடம். பிறகு கோல்ப் மைதானமாக இருந்து, 2021இல்தான் முழுப் பூங்காவாக்கும் வேலை தொடங்கியது. 2025 மார்ச்சில், 2032 ஒலிம்பிக்குக்காக 63,000 பேர் உட்காரும் அரங்கம் அங்கேதான் என்று மாநில அரசு அறிவித்தது. எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். "பூங்கா முழுவதும் போகாது, ஒரு பகுதிதான்" என்பது பதில். விளையாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த "ஒரு பகுதிதான்" எனக்குப் பழகிய பேச்சு. சென்னையில் மாம்பலம் ஏரி தியாகராய நகர் ஆனதும், நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் கட்டடம் எழுந்ததும் பகுதி பகுதியாகத்தான்.

இப்போது கடைசி விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நம் பள்ளிக்குப் பின்னால் இருந்த புதர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சூரைப்பழம் பறித்துத் தின்று நாக்கு சிவக்க வகுப்புக்கு வந்து என்னிடம் அடி வாங்கியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். நுணா மரம், ஆவாரஞ்செடி, ஓரத்தில் அந்தக் கிழட்டு வேம்பு, அதன் பொந்தில் பச்சைக்கிளி. நான் தலைமையாசிரியை ஆன இரண்டாம் ஆண்டு, சைக்கிள் கொட்டகை கட்ட ஒரு பெரியவர் பணம் தர முன்வந்தார். இடம் எங்கே என்று கேட்டார்கள். "பள்ளியின் பின்புறம் பயன்பாடின்றிச் சும்மா கிடக்கும் இடம்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். கொட்டகையை முன்பக்கத்திலும் கட்டியிருக்கலாம். யோசிக்கவே இல்லை. வேம்பு விழுந்த பிறகு இரண்டு நாள் அந்தக் கிளிகள் கொட்டகைக் கம்பி மேல் வந்து வந்து உட்கார்ந்தன. வேலை இருக்கிறது என்று நான் அறைக்குள் போய்விட்டேன்.

இயற்கையைக் காப்போம் என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவள் செய்த வேலை இது. டூஹி காட்டில் ஒரு பொந்துக்குள்ளிருந்து கிளி எட்டிப் பார்த்தபோது அந்தத் தீர்மானப் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே உங்களிடம் ஒரு வீட்டுப்பாடம். பிரிஸ்பேனோ, பெங்களூரோ, நம் ஊரோ, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் "சும்மா கிடக்கும்" இடத்துக்கு ஒரு காலை நேரம் பிள்ளைகளோடு போங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, யார் யார் அங்கே குடியிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பட்டியலைக் கீழே பதிவிடுங்கள், நான் திருத்துகிறேன். மனை விற்கும் தம்பி, நீதான் முதலில் எழுத வேண்டும். அடுத்த முறை யாராவது உன்னிடம் காலி இடம் என்று காட்டினால், அந்தத் தாளை ஒருமுறை எடுத்துப் பார்.

தை மாதம் ஊருக்கு வருகிறேன். கொட்டகைக்குப் பின்னால் இன்னும் ஒரு முழ இடம் மிச்சம் இருக்கிறதாம். ஒரு வேப்பங்கன்று நட வேண்டும். அதில் பொந்து விழுந்து கிளி வருவதை நான் பார்க்கப் போவதில்லை. தண்ணீர் ஊற்ற வருகிறவர்கள் கை தூக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்