முதல் ஸ்கேனில் ஒன்றும் இல்லை



"கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டன் ராத்தா" என்றுதான் அவள் என்னிடமும் சொன்னாள். காத்தான்குடியில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. ஒரு வீட்டில் சட்டி விழுந்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அவள் வழுக்கி விழவில்லை என்பது அந்த ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். ஆனாலும் வைத்தியசாலைத் துண்டில் 'வழுக்கி விழுந்தது' என்றே பதிவாயிற்று.

வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. இதுதான் இவ்வகைக் காயத்தின் சூழ்ச்சி. மோட்டார் சைக்கிளில் அபாயா சில்லில் சிக்கி விழும் பெண், சைக்கிள் கைபிடி வயிற்றில் குத்திய சிறுவன், தென்னையிலிருந்து விழுந்தவர், உதை வாங்கியவள் என எல்லோருக்கும் தோல் அப்படியே இருக்க, உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருக்கலாம். மண்ணீரல் இடதுபக்கக் கடைசி விலா எலும்புகளின் கீழ் இருக்கிறது. அங்கு கசியும் இரத்தம் மேலே உள்ள உதரவிதானத்தை உறுத்தினால் இடது தோளில் நோவு தெரியும். தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் படுக்க வைத்த குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

அவசரப் பிரிவில் டொக்டர் அவளது வயிற்றில் களியைப் பூசி ஸ்கேன் செய்தார். சில நிமிட வேலைதான். கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையில், மண்ணீரலுக்கும் இடது சிறுநீரகத்துக்கும் இடையில், அடிவயிற்றில், இதயத்தைச் சுற்றி என நான்கு இடங்களைத்தான் பார்ப்பார்கள். இரத்தம் கசிந்திருந்தால் திரையில் கறுப்பாகத் தெரியும். 1960களில் இதே கேள்விக்கு விடை காண, வயிற்றில் துளையிட்டுக் குழாய் வழியே உப்புநீரைச் செலுத்தி, திரும்ப எடுத்து, இரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். ஸ்கேன் முறை ஜெர்மனியில் 1980களிலும் அமெரிக்காவில் 1990களிலும் பரவியது. ஊசியில்லை, கதிர்வீச்சுமில்லை. கர்ப்பிணிகளுக்கும் செய்யலாம்.

வெட்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண் டொக்டர் என்பதற்காக இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். உயிருக்கு ஆபத்தான வேளையில் மார்க்கம் இடம் தருகிறது. பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்கும்படி கேளுங்கள், திரையை இழுத்துவிடச் சொல்லுங்கள். கேட்பதில் பிழையில்லை.

அவளது முதல் ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. "இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை" என்றார் டொக்டர். 'இப்போதைக்கு' என்பது எவர் காதிலும் ஏறவில்லை. மாமியார் அபாயாவை எடுத்து நீட்டிவிட்டார். "புள்ளைகள் தனிய ராத்தா, டொக்டர் ஒண்டுமில்லண்டுதானே சொன்னார்" என்று அவளும் எழும்பிவிட்டாள்.

அந்த ஸ்கேன் காட்டுவது காயத்தையல்ல, சேர்ந்து நிற்கும் இரத்தத்தைத்தான். சுமார் 200 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேநீர்க் கோப்பையளவாவது தேங்கினால்தான் பெரும்பாலும் கண்ணுக்குப் படும். மெல்லக் கசிந்தால் முதல் தடவை தப்பிவிடும். குடல் கிழிந்ததும், வயிற்றின் பின்புறச் சுவரோடு உள்ள காயங்களும் இதில் தவறலாம். கர்ப்பிணியின் நச்சுக்கொடி பிரிந்திருந்தாலும் ஸ்கேனில் தெரியாமல் போவதுண்டு. ஆகவேதான் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கவனித்து, சில மணி நேரத்தில் மீண்டும் ஸ்கேன் செய்கிறார்கள். நிலைமை சீராக இருந்தால் சி.டி. ஸ்கேனுக்கும் அனுப்புவார்கள்.

மற்றது, எது பட்டது, எங்கே பட்டது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அதை நோயாளிதான் சொல்ல வேண்டும்.

அன்று அங்கிருந்த தாதி அனுபவசாலி. ஏதோ துண்டு எடுத்துவர வேண்டுமென்று மாமியாரை வெளியே அனுப்பிவிட்டு, கட்டிலருகே குனிந்து, "எதால அடிச்சது மகள்?" என்று கேட்டார். "யார்" என்று கேட்கவேயில்லை. அவள் நீண்ட நேரம் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். பிறகு, "காலால" என்றாள், இடது விலாவைத் தொட்டுக் காட்டி.

அதன் பிறகு டொக்டர் அவளைப் போக விடவில்லை. பிள்ளைகளை நான் அவளது உம்மாவின் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். சமூகவியல் படித்த எனக்கு அன்று கிடைத்த மிகப் பெரிய வேலை அதுதான். திரும்பி வந்தபோது அவளுக்கு வியர்த்திருந்தது, இடது தோள் நோகத் தொடங்கியிருந்தது. இரண்டாவது ஸ்கேனில் மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு. உடனே இரத்தம் ஏற்றி, அம்புலன்ஸில் கல்லடிப் பாலம் தாண்டி அனுப்பினார்கள். நாடி தளம்பாமல் நின்றதால் வயிற்றைத் திறக்கும் தேவை வரவில்லை.

பொலிஸ் வந்துவிடும், வாழ்வு போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் கேட்பது பாதுகாப்புக் கட்டளை. கணவனைச் சிறைக்கு அனுப்பும் வழக்கல்ல. அதைக் கேட்பதா இல்லையா என்பதை ஆறுதலாக யோசிக்கலாம். டொக்டரிடம் உண்மை சொல்வதை அப்படி ஆறப்போட முடியாது. இலவச அம்புலன்ஸ் சேவை 1990, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இரண்டையும் குசினிச் சுவரில் எழுதி வையுங்கள்.

அடிபட்ட பின் தலைசுற்று, வயிறு இறுகி வீங்குதல், தோள் நோவு, சலத்தில் இரத்தம் என எது தெரிந்தாலும், முதல் ஸ்கேன் துண்டு கையில் இருந்தாலும், திரும்பப் போங்கள்.

அவள் இப்போது உம்மாவின் வீட்டில் இருக்கிறாள். பாரம் தூக்கக் கூடாதென்று சொல்லியிருப்பதால் சின்ன மகனை மடியில் மட்டும் வைத்துக்கொள்கிறாள். செவ்வாய்க்கிழமை கிளினிக். கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.