எதைப் படிப்பதென்று குழந்தை சொல்லட்டும்

தமிழ்நாட்டு அரசு தொடக்கப் பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்களும், அங்கே பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோரும் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். நாளுக்கு ஒரு பாடவேளையாவது எதைப் படிப்பது, தாளிலா திரையிலா என்பதைக் குழந்தையே முடிவு செய்ய வேண்டும். எங்கள் கோரிக்கை இதுதான்.

திரைக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். பார்வை குறைந்த பிள்ளைக்கு எழுத்தைப் பெரிதாக்கும். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்கு வாசித்துக் காட்டும். ஆனால் வகுப்பறைச் சுவரில் இருக்கும் திரை ஆசிரியர் கையில் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பக்கத்தை ஒரே வேகத்தில் பார்க்கிறார்கள். 2018 முதல் வந்த பாடநூல்களில் உள்ள க்யூஆர் கோடோ, பல வீடுகளில் அப்பா கைப்பேசியோடு வேலை முடிந்து வந்த பிறகுதான் திறக்கிறது. இதைத் தேர்வு என்று ஒப்புக்கொள்ள மாட்டோம்.

எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பற்றிய 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2021-இல் ஒரு கட்டுரை வந்தது. அச்சுநூலை அப்படியே திரைக்கு மாற்றினால் தாளில் படித்தவர்களுக்கே கதை நன்றாகப் புரிந்தது. கதையை விளங்கவைக்கவென்றே உருவாக்கிய மின்நூல் தாளை முந்தியது. ஆகவே எல்லோருக்கும் ஒன்றையே விதிக்கும் ஆணை எதுவும் எங்களுக்கு ஏற்புடையதல்ல.

தேர்ந்தெடுக்க வேண்டுமானால் முதலில் நூல் கைக்கு எட்ட வேண்டும். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கானவை என்பது. நம் பள்ளிகள் பலவற்றில் அவை பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. காரணம் சோம்பல் அல்ல, பயம். நூல் தொலைந்தால், கிழிந்தால், தணிக்கையில் இருப்புப் பதிவேட்டைக் காட்டித் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை புரட்டினால் தாள் கிழியத்தான் செய்யும்! கிழிந்த கதைப்புத்தகத்தைக் கேள்வியின்றிக் கணக்கிலிருந்து நீக்கக் கல்வித்துறை ஆணையிட வேண்டும். அந்த ஓர் ஆணை போதும், பாதிப் பீரோக்கள் திறந்துவிடும்.

தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கச் சிறுநூல்கள் ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என்று நிலை பிரித்து வந்தவை. ஆனால் நாங்கள் கேட்கும் பாடவேளையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தொடக்க நிலையான ‘நுழை’யை எடுத்தாலும், படித்ததையே பத்து முறை படித்தாலும், பாதியில் வைத்துவிட்டாலும் தடுக்க மாட்டோம். என்ன புரிந்தது என்று கேள்வித்தாள் நீட்டவும் மாட்டோம்.

ஆசிரியத் தோழர்களே, வரும் ஜூனில் பள்ளி திறக்கும் முதல் வாரமே உங்கள் வகுப்பில் இந்தப் பாடவேளையைத் தொடங்கிவிட்டு எங்களோடு சேருங்கள்.