நடைபாதைக்கும் ஒரு சான்றிதழ்

மெட்ரோ ரயில் பாதை ஒன்றை மக்களுக்குத் திறந்துவிடும் முன் மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் வந்து பார்க்கிறார். தண்டவாளம், சிக்னல், தீயணைப்பு ஏற்பாடு, காற்றோட்டம், ஆபத்துக் காலத்தில் வெளியேறும் வழி என்று எல்லாவற்றையும் சோதித்து அவர் அனுமதி தந்த பிறகுதான் பயணிகளை ஏற்றிக்கொண்டு வண்டி ஓடும். அந்தச் சோதனை, நிலையத்தின் வாசல் படியோடு நின்றுவிடுகிறது. படியிலிருந்து இறங்கியவர் கால் வைக்க வெளியே இடம் இருக்கிறதா, எதிர்ப்புறம் போகச் சாலையைக் கடக்க முடியுமா, பேருந்து நிறுத்தம் எத்தனை தூரம் என்று யாரும் பார்த்துக் கையெழுத்திடுவதில்லை. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் கட்டப்படும் ஒவ்வொரு சுரங்க நிலையத்துக்கும் அப்படியொரு சோதனை கட்டாயமாக வேண்டும். அதில் தேறாத நிலையத்துக்குத் திறப்பு விழா நாள் குறிக்கக் கூடாது.

இது கொஞ்சம் கடுமையான நிபந்தனைதான். முதல் கட்டத்தில் நடந்ததைப் பார்த்த பிறகும் இளக்கம் காட்ட நமக்கு மனமில்லை.

சென்னையில் முதல் சுரங்கப் பயணம் 2017 மே மாதம் திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் இடையே தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்ட்ரல் வந்தது. 2019 பிப்ரவரியில் ஏ.ஜி.-டி.எம்.எஸ். முதல் வண்ணாரப்பேட்டை வரையிலான பகுதி திறக்கப்பட, அண்ணா சாலைக்கு அடியில் செல்லும் பாதை முழுமையானது. வண்டியைப் பற்றி யாருக்கும் பெரிய குறையில்லை. நேரத்துக்கு வருகிறது, குளிர்ச்சியாக இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது. 2024இல் மெட்ரோவில் நடந்த பயணங்கள் 10 கோடியைத் தாண்டின.

மேலே ஏறி வந்தால் கதை வேறு. தேனாம்பேட்டையிலோ நந்தனத்திலோ வெளியே வருபவருக்கு முன்னால் இருப்பது, நிற்காமல் வாகனங்கள் பாயும் அண்ணா சாலை. நடைபாதை இருக்கும் இடத்தில் மின்பெட்டி இருக்கும், அது இல்லாத இடத்தில் பைக் நிற்கும், இரண்டும் இல்லாத இடத்தில் பாதையே பெயர்ந்து கிடக்கும். சுரங்கத்துக்குள் மழைநீர் புகாதிருக்க வாசல்களைச் சாலை மட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டுகிறார்கள். வெள்ளத்தைக் கண்ட ஊருக்கு அது தேவைதான். ஆனால் கீழே இறங்குவதற்கு முன் மேலே ஏற வேண்டியிருக்கிறது. சாய்தளமும் லிஃப்டும் சாலையின் ஒரு பக்கத்தில் மட்டும் அமைந்துவிட்டால், சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த நிலையம் பாதி நிலையம்தான். மூட்டுவலிக்காரருக்கும் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாய்க்கும் அதே கதி.

இதே அண்ணா சாலையில் தேனாம்பேட்டை முதல் சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டருக்கு 621 கோடி ரூபாயில் ஒரு மேம்பாலப் பணி 2024இல் தொடங்கியது. கீழே ரயில் சுரங்கம், நேர் மேலே காருக்கு மேம்பாலம். சுரங்கத்துக்குச் சேதம் வராமல் அதன்மேல் தூண் நிறுத்துவது பொறியியலில் அரிய சாதனை என்கிறார்கள், இருக்கலாம். கோடிகளைக் கொட்டி மக்களைக் காரிலிருந்து ரயிலுக்கு இறக்கிவிட்டு, அதே வழித்தடத்தில் காரில் போவதை இன்னும் சுகமாக்க மறுபடியும் கோடிகளைக் கொட்டும் கொள்கை எந்தக் கணக்கில் சேரும்? இரண்டு அடுக்குக்கும் நடுவே, தரையில் நடப்பவருக்கு என்ன ஒதுக்கினீர்கள் என்ற கேள்விக்கு எந்தத் துறையிடமும் பதிலில்லை.

பதில் இல்லாததற்குக் காரணம் தெரிந்ததே. வாசல் வரை மெட்ரோ நிறுவனம். அண்ணா சாலை போன்ற பெருஞ்சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். உட்சாலைகளும் பெரும்பாலான நடைபாதைகளும் மாநகராட்சியிடம். பேருந்து நிறுத்தம் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்கு வேண்டும், எங்கே சாலையைக் கடக்கலாம் என்பதைப் போக்குவரத்துக் காவல் துறை சொல்லும். இத்தனை பேரையும் ஒரு மேசையில் உட்கார வைக்கவே முதலமைச்சர் தலைமையில் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. அதற்கான சட்டம் 2010இலேயே வந்துவிட்டது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் என்பது வரை குழுமம் வந்திருப்பது நல்லதே. டிக்கெட்டை இணைத்தவர்கள் இனிக் காலடியையும் இணைக்கட்டும். நாம் கேட்கும் சான்றிதழைத் தரும் பொறுப்பும் இந்தக் குழுமத்துக்கே உரியது.

சான்றிதழில் என்ன இருக்க வேண்டும்? நிலையத்தைச் சுற்றி அரை கிலோமீட்டருக்கு உடையாத, தடையற்ற, விளக்கு எரியும் நடைபாதை. சாலையின் இரு பக்கமும் வாசல். பேருந்து நிறுத்தமும் ஷேர் ஆட்டோ நிற்கும் இடமும் வாசலுக்கு அருகில். ஷேர் ஆட்டோவை முகம் சுளித்துப் பார்க்கும் அதிகாரிகள் உண்டு. சென்னையின் உட்பகுதிகளுக்கு மெட்ரோ பயணிகளைக் கொண்டு சேர்ப்பதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை அவர்கள் மறந்துவிட வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது, நம் பார்வையில் அதுதான் முக்கியம். சுரங்க நிலையத்தின் மேல் தளம், அதாவது டிக்கெட் வாயிலுக்கு இந்தப் பக்கம் உள்ள பகுதி, டிக்கெட் எடுக்காதவருக்கும் பொது வழியாகத் திறந்திருக்க வேண்டும். இரு பக்கமும் வாசல் வைத்துக் கட்டிய நிலையம் இயல்பாகவே ஒரு சப்வே. சென்ட்ரலில் அது நடந்திருக்கிறது. ரயில் நிலையம், ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ரிப்பன் மாளிகை, பூங்கா நிலையம் ஆகியவற்றைச் சாலைக்கு அடியிலேயே இணைத்த பிறகு, பெட்டி படுக்கையோடு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஊரின் பழைய சப்வேக்கள் பலவற்றில் மழை பெய்தால் நீர் நிற்கும், இருட்டினால் பெண்கள் இறங்கமாட்டார்கள். மெட்ரோ நிலையத்தில் காவலரும் கேமராவும் விளக்கும் உண்டு. காலை 5 மணியிலிருந்து இரவு 11 வரை எப்படியும் அது இயங்குகிறது. சென்ட்ரலில் முடிந்தது ராயப்பேட்டையிலும் அயனாவரத்திலும் ஏன் முடியாது?

நடைவழியை மறந்து நிலையம் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வேறு ஊர் தேட வேண்டாம். கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்குப் போகும் பறக்கும் ரயில் இருக்கிறது. 1995இல் சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலாப்பூர் வரை, 2007இல் வேளச்சேரி வரை வந்தது. வணிக வளாகங்கள் வரும், கடைகள் நிறையும் என்று கணக்குப் போட்டுக் கோட்டை கோட்டையாக நிலையங்களைக் கட்டினார்கள். பல நிலையங்களில் அந்தக் கூடங்கள் இருட்டாகவும் வெறுமையாகவும் கிடந்தன. மாலை மயங்கிய பிறகு அங்கே தனியாகப் படியேறத் தயங்காத பெண்கள் குறைவு. ஊரின் நடுவே போகும் பாதை, குறைந்த கட்டணம், இருந்தும் கூட்டம் எதிர்பார்த்த அளவு வரவில்லை. ரயிலில் குறையில்லை. பிளாட்பாரத்துக்குப் போய்ச் சேரும் வழியை யாரும் வடிவமைக்கவில்லை. அண்மைக் காலத்தில் இதே பாடத்தைக் கிளாம்பாக்கம் மறுபடியும் நடத்தியது. 2023இன் கடைசி நாள்களில் பேருந்து முனையம் திறந்தாயிற்று, பக்கத்தில் ரயில் நிலையம் தயாராகவில்லை. தென் மாவட்டங்களிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கியவர்கள் பட்ட பாடு ஊரறியும்.

இரண்டாம் கட்டத்துக்கு வருவோம். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது அதன் நீளம் 118.9 கிலோமீட்டர், நிலையங்கள் 128, மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். இதில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் பாதையின் சுரங்கப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கலங்கரை விளக்கம், கச்சேரி சாலை, திருமயிலை, ஆழ்வார்பேட்டை, பாரதிதாசன் சாலை, நந்தனம், பனகல் பூங்கா, கோடம்பாக்கம் என்று போகிறது. கடலோரத்தில் தொடங்கி, கோயில் மாட வீதிகளை ஒட்டி, ஜவுளிக்கடைகளுக்கு அடியில் புகுந்து வெளியே வரும் வழி. இவற்றில் ஒன்றுகூட வண்டி நிறுத்த மைதானம் கிடைக்கும் இடமல்ல. பங்குனிப் பெருவிழா நாளில் மயிலாப்பூருக்கும் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தியாகராய நகருக்கும் வருபவர்கள் கடைசிக் கொஞ்ச தூரம் நடந்துதான் ஆக வேண்டும். திருமயிலை நிலையம் ஏறத்தாழ 35 மீட்டர் ஆழத்துக்குப் போகிறது. மெட்ரோவின் இரண்டு பாதைகள் அங்கே சந்திக்கின்றன, தலைக்கு மேல் பறக்கும் ரயில். அவ்வளவு ஆழத்திலிருந்து நகரும் படிக்கட்டுகளில் மாறி மாறி ஏறி வருபவரை லஸ் முனையின் நெரிசலில் கொண்டுபோய்த் தள்ளினால், பாதாளம் வரை தோண்டியதெல்லாம் எதற்கு?

பனகல் பூங்காவில் இறங்குபவருக்கு ஓரளவு அதிர்ஷ்டம் உண்டு. 2019இல் பாண்டி பஜாரில் வாகனங்களுக்கான இடத்தைக் குறைத்து நடைபாதையை அகலமாக்கியபோது, வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். படுக்கவில்லை. மாலை நேரங்களில் அங்கே குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். 2023இல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து ஆகாய நடைபாதை வந்தது. ரங்கநாதன் தெருவின் நெரிசலுக்குள் இறங்காமலே ரயிலிலிருந்து பேருந்துக்குப் போய்விடலாம். ஆக, இந்த ஊருக்கு இது தெரியாத வித்தை அல்ல. ஒரு பேட்டையில் செய்ததை மெட்ரோ நிலையங்களுக்கு விதியாக்கச் சொல்கிறோம்.

பணம் எங்கே என்பார்கள். திட்ட மதிப்பீட்டில் ஒரு சதவீதம் எடுத்து வையுங்கள். 632 கோடி ரூபாய். நிலையத்துக்கு ஏறத்தாழ 5 கோடி. அண்ணா சாலை மேம்பாலத்துக்கு ஒதுக்கிய தொகையும் கிட்டத்தட்ட அந்த 632 கோடி அளவுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். மாநகராட்சி 2014இல் ஏற்றுக்கொண்ட மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவருக்கும் சைக்கிள் ஓட்டுபவருக்கும் செலவிடச் சொல்கிறது. அந்தக் கொள்கை இன்னும் நடப்பில்தான் இருக்கிறது என்று நம்புவோம்.

இடம் எங்கே என்பதும் ஒரு கேள்வி. நியாயமான கேள்வி. சுரங்கம் தோண்ட யாருடைய வீட்டையும் இடிக்க வேண்டியதில்லை, வாசல் வைக்கத்தான் நிலம் வேண்டும். வழக்குகளும் அங்கேதான் முளைக்கின்றன. ராயப்பேட்டை ஒயிட்ஸ் சாலையில் கோயில் நிலத்தைத் தவிர்க்க, பக்கத்துக் காப்பீட்டு நிறுவனத்தின் இடத்துக்கு மெட்ரோ நிறுவனம் மாறியது. அந்த நிறுவனத்துக்குக் கொடுத்த நிலமெடுப்பு அறிவிக்கையை 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. எந்த இடம் சரி என்ற வாதத்துக்குள் நாம் போகவில்லை. ஒரு வாசல் எங்கே வர வேண்டும் என்பதை, தோண்டத் தொடங்கிய பிறகு வழக்கு மன்றத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் நம் கவலை. அலுத்துப்போன அதிகாரிகள் கடைசியில் எடுக்கும் முடிவு எப்போதும் ஒன்றே: எதிர்ப்பக்க வாசல் இப்போதைக்கு வேண்டாம். அந்த ‘இப்போதைக்கு’ நிரந்தரமாகிவிடும். சான்றிதழ் கட்டாயம் என்றால், வரைபடம் போடும் நாளிலேயே நிலத்துக்கு வழி தேடுவார்கள்.

சிங்கப்பூர் இதை எப்படிச் செய்தது என்று பார்ப்பது நல்லது. அங்கே 2013இல் தொடங்கிய திட்டத்தில், எம்.ஆர்.டி. நிலையங்களிலிருந்து 400 மீட்டர் தொலைவுக்குள் பள்ளிக்கும் குடியிருப்புக்கும் மருத்துவமனைக்கும் கூரை போட்ட நடைபாதைகள் அமைத்தார்கள். ஐந்தாண்டுகளில் 200 கிலோமீட்டர். வெயிலும் மழையும் நம்மூரைப் போலத்தான் அங்கேயும். பணக்கார நாடு, செய்யும் என்று தள்ளிவிடலாம். நிலத்துக்கடியில் ரயில் விடும்போது மட்டும் நாம் நம்மை ஏழையாக நினைத்துக்கொள்வதில்லையே.

நடைபாதைக் கடைக்காரர்களைத் துரத்துவதற்கு இது சாக்காகிவிடக் கூடாது. 2014இன் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. நிலைய வாசலில் பூக்காரம்மாவும் இளநீர்க்காரரும் இருப்பதால்தான் இரவு ஒன்பதரைக்கு அந்த இடம் பயமில்லாமல் இருக்கிறது. அவர்களுக்கும் அளந்து இடம் ஒதுக்கினால் போதும், நடப்பவருக்கு வழி கிடைத்துவிடும்.

துளைக்கும் இயந்திரம் மண்ணை உடைத்துக்கொண்டு வெளியே வரும் நாளில் அமைச்சர்கள் போகிறார்கள், கைதட்டல் எழுகிறது. கலங்கரை விளக்கத்தில் 2023இல் பணி தொடங்கிய இயந்திரத்துக்கு ஃபிளமிங்கோ என்று பறவைப் பெயரும் வைத்தார்கள். கைதட்ட வேண்டிய வேலைதான். இனி மேலே இருப்பதையும் கவனிக்க வேண்டிய நேரம். முதல் கட்டத்தில் ஷெனாய் நகர் நிலையத்துக்காக 2011இல் மூடிய திரு.வி.க. பூங்கா 2023இல்தான் மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே சறுக்குமரம் ஆட வேண்டிய பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். எடுத்ததைத் திருப்பித் தருவதில் காட்டிய அந்த மெத்தனம் சாலைகளிலும் தொடரக் கூடாது.

லஸ்ஸிலும் மந்தைவெளியிலும் புரசைவாக்கத்திலும் மெட்ரோ தடுப்புகள் சாலையைப் பாதியாகக் குறுக்கியிருக்கின்றன. திட்டியபடியே ஊர் அந்தக் குறுகிய சாலையில் ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பழகிவிட்டது. தடுப்புகளை எடுக்கும்போது விடுபடும் அகலம் முழுவதையும் பழையபடி வாகனங்களுக்கே கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதில் இரண்டு பக்கமும் மும்மூன்று மீட்டரை நடைபாதைக்கு ஒதுக்கி, அந்த அளவைச் சாலைச் சீரமைப்பு ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுதிவிட முடியும். பல இடங்களில் அந்த ஒப்பந்தங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. குழுமத்தின் அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக இதை வைக்கட்டும்.